ஒன்றை மட்டும் மாற்று: மூளை வளர்ச்சி ஆய்வில் குருத்தணுக்கள்

பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார் கேட்டார்: "டீச்சர், என் மகனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ்னு டாக்டர் சொல்லிட்டாங்க. குருத்தணு, மரபணு திருத்தம்னு என்னென்னமோ சொல்றாங்களே, அதைச் செஞ்சா சரியாயிடுமா? வயித்துல இருந்தப்போ நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?" தமிழாசிரியரான எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன். அறிவியல் தலைப்பில் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் இது உதவும்.

குறைபாடு எங்கே?

எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்றொரு மரபணு உண்டு. அதன் தொடக்கத்தில் 'சிஜிஜி' என்ற மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு அது 45 முறைக்கும் குறைவு. 200-ஐத் தாண்டினால், அந்த மரபணுவின் மேல் ஒரு வேதிப் பூட்டு விழுந்துவிடுகிறது. புத்தகம் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அலமாரி பூட்டிக் கிடக்கிறது. நரம்பணுக்களுக்குத் தேவையான ஒரு புரதம் உருவாகாமல் போகிறது. விளைவு: கற்றல் சிரமம், பதற்றம், சிலருக்கு ஆட்டிசம். ஆண்களுக்கு ஒரே எக்ஸ் என்பதால் பாதிப்பு அதிகம்.

ஏன் குருத்தணு?

உயிரோடு இருக்கும் பிள்ளையின் மூளையணுவை எடுத்துச் சோதிக்க முடியாது. எலியை வைத்துப் பார்க்கலாமே என்றால், சிஜிஜி நீண்டாலும் மனிதருக்கு விழுவதுபோல் அந்தப் பூட்டு எலிக்கு விழுவதில்லை. எலிகளிடம் பலன் தந்த சில மருந்துகள் மனிதர்களிடம் எதிர்பார்த்த பலனைத் தரவும் இல்லை.

ஜப்பானின் ஷின்யா யாமானாகா 2006-இல் எலியின் அணுக்களையும், 2007-இல் மனிதத் தோலணுக்களையும் குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் நோபல் பரிசு பெற்றார். இப்போது நோயாளியின் தோலணுவிலிருந்தே ஆய்வகத் தட்டில் நரம்பணுக்களை வளர்க்கலாம்.

அப்புறம் ஏன் மரபணு திருத்தம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குமாரின் அணுவையும் முரளியின் அணுவையும் ஒப்பிட்டால், இருவரின் மரபணுக்களிலும் இலட்சக்கணக்கான வேறுபாடுகள் இருக்கும். எது காரணம் என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒரே நபரின் குருத்தணுவை இரண்டு பங்காக்குகிறார்கள். ஒரு பங்கு அப்படியே இருக்கும். மற்றதில் கிரிஸ்பர் கருவியால் அந்த ஒரே இடத்தை மட்டும் திருத்துகிறார்கள். அறிவியல் பாடத்தில் நாம் படித்த மாறிகளேதான்! தற்சார்பு மாறி: மரபணுவின் பூட்டு. சார்பு மாறி: நரம்பணுவின் செயல்பாடு. கட்டுப்படுத்தப்பட்ட மாறி: மற்ற எல்லா மரபணுக்களும்.

2018-இல் அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வுக்கழகத்தில் ருடால்ஃப் யேனிஷ் குழு இதையே செய்தது. மரபணுவை வெட்டவில்லை, எழுத்துகளை மாற்றவும் இல்லை. கிரிஸ்பரின் வெட்டும் திறனை நீக்கிவிட்டு, பூட்டைக் கழற்றும் நொதியை அதனுடன் இணைத்து அனுப்பினார்கள். மரபணு மறுபடியும் வேலை செய்தது. அளவுக்கு மீறித் துடித்துக்கொண்டிருந்த நரம்பணுக்களின் மின்துடிப்பு இயல்புக்குத் திரும்பியது. ஆக, முக்கியக் குற்றவாளி அந்தப் பூட்டுதான் என்று தெளிவானது.

அந்தத் தாயாருக்கு என்ன சொன்னேன்?

முதலில், தப்பு அவருடையது அல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது சிஜிஜி எண்ணிக்கை தானாகவே கூடிவிடலாம். சாப்பிட்டதும் நடந்துகொண்டதும் காரணமில்லை.

இரண்டாவது, இது இன்னும் ஆய்வு, சிகிச்சை அல்ல. தட்டில் உள்ள அணுவைத் திருத்துவது வேறு, வளர்ந்துவிட்ட மூளையின் கோடிக்கணக்கான அணுக்களைப் பாதுகாப்பாகத் திருத்துவது வேறு. "குருத்தணு ஊசி போட்டால் குணமாகும்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள் என்றேன். பேச்சுப் பயிற்சியும் பொறுமையான கற்பித்தலும் இன்றைக்கே கைகொடுக்கும்.

மூன்றாவது எனக்கே சொல்லிக்கொண்டது: ஒரு பிள்ளை மெதுவாகக் கற்றால், 'சோம்பேறி' என்ற சொல் நம் வாயில் வருவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: 'மரபணு திருத்தம் வரமா, சாபமா?' என்று கட்டுரை எழுதும்போது, ஆய்வுக்காகத் திருத்துவதையும் சிகிச்சைக்காகத் திருத்துவதையும் தனித்தனிப் பத்திகளில் பிரித்து எழுதுங்கள். கருத்துத் தெளிவு தானாக வரும்.