வண்டி ஏன் நின்றது?

நெஞ்சுவலிக்காரரை ஏற்றிச் செல்லும் 108 ஆம்புலன்ஸ் சில நேரம் நடுவழியில் ஓரங்கட்டி நிற்கும். கூட வந்த உறவினர் பதறுவார்: "ஏம்ப்பா நிறுத்திட்ட? சீக்கிரம் போப்பா!"

உள்ளே, அதுவரை பேசிக்கொண்டு வந்தவர் திடீரென நினைவிழந்திருப்பார். மூச்சும் நாடித்துடிப்பும் இருக்காது. மருத்துவ உதவியாளர் அந்த நொடியே அவரது மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்குவார். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். வளைவிலும் வேகத்தடையிலும் குலுங்கும் வண்டியில் இது சரியாக வராது. அழுத்துபவரே தடுமாறி விழக்கூடும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி துடிப்பை ஆராயும்போதும் ஆட்டம் கூடாது. அதற்காகத்தான் நிறுத்துகிறார்கள். 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் பின்னால் ஓடிவந்து கைகொடுப்பார். அவருக்கும் முதலுதவிப் பயிற்சி உண்டு.

இதயம் நின்றபின், எந்தச் சிகிச்சையும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆஸ்பத்திரி இன்னும் 10 நிமிடத் தொலைவில் இருந்தால், சிகிச்சை அந்தச் சாலையோரத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

உறவினர்களே, ஆம்புலன்ஸ் ஊழியர்களை அவசரப்படுத்தாதீர்கள். நோயாளி சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை மட்டும் எடுத்துக் கையில் வைத்திருங்கள். பின்னால் வரும் வாகன ஓட்டிகளே, தயவுசெய்து ஹாரன் அடிக்காமல் விலகிச் செல்லுங்கள்.