சீலைப்பேன் பொடி: கொன்றால் மட்டும் போதுமா?

எல்ல, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் குளிர் இறங்கினால் கம்பளிக்கும் ஸ்வெட்டருக்கும் ஓய்வில்லை. உடுப்பு மாற்றாமல் நாட்கள் கடந்தால் சீலைப்பேனுக்குக் கொண்டாட்டம். தலைப்பேன் முடியில் ஈர் வைக்கும். சீலைப்பேனோ துணித் தையலுக்குள் ஈர் வைத்து, பசியெடுத்தால் மட்டும் உடம்புக்கு வரும். டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது இதுவே என 1909இல் துனிஸ் நகரில் நிரூபித்தவர் சார்ல் நிக்கோல்.

சோதனை எப்படி?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஒர்லாண்டோ ஆய்வகம் பேன் பொடிகளைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. பொடி தூவிய துணித்துண்டில் பேன்களை விடுவார்கள். பொடி படாத துணியிலும் பேன்கள் விடப்படும். அங்கேயும் நிறையச் செத்தால் அந்தச் சோதனை செல்லாது. இதில் தேறிய பொடிகளே, பேன் விடப்பட்ட தன்னார்வலர்களின் உடம்பில் சோதிக்கப்பட்டன.

சிக்கல் ஈரில்தான். பெரும்பாலான பொடிகளுக்கு ஈர் சாகாது. ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும். குஞ்சு வெளிவரும்வரை பொடியின் வீரியம் துணியில் நிற்க வேண்டும். பைரெத்ரம் பொடி ஏறத்தாழ ஒரு வாரமே தாங்கியது. 10 சதவீத டிடிடி பொடி சில வாரங்கள் நின்றது. 1943-44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பேன் பொடி தூவப்பட்டது, டைபஸ் அடங்கியது. ஆனால் கொரியப் போரின்போது அங்குள்ள பேன்கள் டிடிடிக்கு அசரவில்லை. ஒருமுறை தேறிய பொடியையும் மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

உடம்புக்கு ஆகுமா?

உலர்ந்த டிடிடி தோலுக்குள் அதிகம் ஊறாது. எண்ணெயில் கரைத்தால் ஊறும். மருந்தின் பெயரைப் பார்த்தால் போதாது, அது எந்த வடிவில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். சேமிப்பும் முக்கியம். 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியன் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்த சுமார் 7,500 பேரில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டனர். குறைந்தது 5 பேர் இறந்தனர். சேமிப்பில் இருந்தபோது மாலத்தியன் பொடிக்குள் உருவாகியிருந்த ஐசோமாலத்தியன் என்ற மாசுதான் காரணம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

உடுப்பு, போர்வைகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வையுங்கள். பொடி தேவையென்றால் தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள். மரக்கறித் தோட்டத்தில் மிஞ்சிய மருந்தைத் துணியிலோ தலையிலோ போடவே கூடாது. அது பயிரில் சோதித்துத் தேறியது; பிள்ளையின் தோலில் அல்ல.