ஒரே விதி, வேறு வேறு செவிகள்

வைப்புத்தொகைக் காப்பீட்டின் உச்சவரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. 'ஒரே தகுதியிலும் ஒரே உரிமையிலும்' வைத்துள்ள தொகைக்கே இவ்வரம்பு என்பது விதி. அலுவலர்களுக்கிடையே இத்தொடர் போதும். சட்டச் சொல்லை மாற்றினால் பொருளும் மாறிவிடும்.

ஓய்வுக்காலப் பணத்துடன் கவுன்டர் முன் நிற்கும் முதியவரிடம் இதையே ஒப்பித்தால் அவர் தலையசைப்பார். புரிந்ததென்று நாமும் எண்ணிவிடுவோம். அவரோ, இரு கிளைகளில் பிரித்துப் போட்டால் இருமுறை காப்பீடு உண்டு என்று நம்பியிருக்கக்கூடும். அந்த நம்பிக்கை தவறு. ஆகவே அவரிடம், "ஐயா, உங்கள் ஒருவர் பெயரில் எங்கள் வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள அசலும் வட்டியும் சேர்ந்துதான் 5 லட்சம். வேறொரு வங்கியில் வைத்தால் அதற்குத் தனி வரம்பு" என்கிறோம்.

கூட்டாண்மை நிறுவனம் நடத்தும் வணிகரின் ஐயம் வேறு. நிறுவனத்தின் நடப்புக் கணக்கு அவருடைய சொந்தச் சேமிப்போடு சேர்த்துக் கணக்கிடப்படாது என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. காப்பீட்டுக் கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது என்பதையும் (பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது) இருவரிடமும் கூறிவிடுகிறோம்.