தோரோட்ராஸ்ட் குப்பி

இதில் இருந்தது தோரியம் டையாக்சைடு கலந்த திரவம். எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய்கள் பளிச்சென்று தெரிய, 1930களிலும் 40களிலும் இதை ஊசியில் ஏற்றினார்கள். படம் என்னவோ அருமையாகத்தான் விழுந்தது. ஆனால் தோரியம் வெளியேறவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, ஆயுள் முழுக்க ஆல்பா கதிர்களை வீசியது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துச் சிலருக்குக் கல்லீரலில் ஆஞ்சியோசார்கோமா வந்தது.

ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் தோன்றும் மிக அரிய புற்றுநோய் இது. தலைத்தோல், மார்பகம், இதயத்தின் வலது மேலறை என எங்கும் வரலாம். காரணம் பெரும்பாலும் பிடிபடாது. கல்லீரலில் மட்டும் சில குற்றவாளிகள் சிக்கினார்கள். 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து பிவிசி ஆலைத் தொழிலாளர்களிடம் இதே கட்டி தென்பட, வினைல் குளோரைடு வாயு அகப்பட்டது. ஆலைக் காற்றில் அதன் அளவுக்கு அமெரிக்க அரசு அந்த ஆண்டே கடும் வரம்பு விதித்தது.