ஆற்றை அறிந்தவர்களின் இல்லத்தில்

விடுமுறை என்றதும் நம் இல்லங்களில் உறவினர் வீடும் கடைத்தெருவும்தாம் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டியவையே. ஆயினும் பிள்ளைகளுடன் ஓர் ஆற்றங்கரையில் இரண்டு இரவுகள் தங்கிய பிறகே, ஆறுகளைப் பற்றி நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவை எவ்வளவு சொற்பம் என்பதை உணர்ந்தேன்.

2023 மே மாதம் கோலாலம்பூரில் வாழும் என் மைத்துனர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். “மச்சான், கோபுரங்கள் எங்கும் போய்விடமாட்டா, முதலில் காட்டைப் பார்ப்போம்” என்று அவரே எங்களை அழைத்துச் சென்றார். காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். பகாங் மாநிலத்தில் தகான் ஆறு தெம்பெலிங் ஆற்றோடு கலக்கும் சிற்றூர் கோலா தகான். ஆறு கலக்கும் இடத்தையே மலாய் மொழியில் ‘கோலா’ என்கின்றனர். கோலாலம்பூரின் பெயரும் அவ்வாறு வந்ததே.

எதிர்க்கரையில் தாமான் நெகாரா தேசியப் பூங்கா தொடங்குகிறது. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த மழைக்காடு. மலேசியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தகான் (2,187 மீட்டர்) இதனுள்ளேதான் இருக்கிறது.

ஒரு குடும்பம், ஆறு குடில்கள்

நாங்கள் தங்கியது விடுதி அன்று. ஒரு குடும்பத்தின் தோட்டம். தூண்கள்மீது நின்ற ஆறு மரக்குடில்கள். கீழே, நீரோரம், கூடாரம் அடிக்க ஒரு புல்வெளி. பெரியவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, மகன் படகோட்டினார், மருமகள் சமைத்தார். அனைவரும் ‘மக் சிக்’ என்றழைத்த மூதாட்டியின் சொல்லே அங்கே சட்டம். புளிக்கவைத்த டுரியான் பழத்தில் சமைத்த பாத்தின் மீன் குழம்பைக் கண்டு பிள்ளைகள் முதலில் முகஞ்சுளித்தனர். மறுநாள் அதையே கேட்டு வாங்கி உண்டனர்.

நீரருகே இருந்த குடிலைத்தான் நான் விரும்பினேன். அது காலியாகவும் இருந்தது. மூதாட்டியோ மறுத்து, மேட்டிலிருந்த குடிலின் சாவியைத் தந்தார். “பணம் தருபவன் நானல்லவா?” என்று மனம் முணுமுணுத்தது. அவர் எதுவும் விளக்கவில்லை. குடிலின் தூணில், என் தலைக்கும் மேலே கீறியிருந்த ஒரு கோட்டை மட்டும் சுட்டிக் காட்டினார். 2014 டிசம்பர் பெருவெள்ளம் அதுவரை ஏறியதாம்.

அன்றிரவு அங்கே ஒரு துளி மழையும் இல்லை. நள்ளிரவில் பேச்சரவம் கேட்டு எழுந்தேன். பெரியவரும் மகனும் கைவிளக்கோடு இறங்கிச் சென்று, கூடாரங்களில் உறங்கிய இளைஞர்களை எழுப்பித் தங்கள் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தனர். விடிந்து பார்த்தபோது புல்வெளி இல்லை; கலங்கிய நீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்ட குடிலின் படிகளுள் மூன்று மூழ்கியிருந்தன.

“எப்படி அறிந்தீர்கள்?” என்று மைத்துனர் வழியாகக் கேட்டேன். மாலையில் தகான் ஆறு தன் தேநீர் நிறம் மாறிக் கலங்கியதாம். சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தனவாம். ஆற்றின் ஓசையும் கனத்ததாம். மலையில் பெய்த மழை பல மணி நேரம் கழித்தே கீழே வந்து சேர்கிறது. வானத்தைப் பார்த்து ஏமாறுபவர் உண்டு. ஆற்றைப் பார்த்தவர் ஏமாறுவதில்லை.

நமக்கும் உரிய பாடம்

இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைப் பறித்தது. அதுவும் மலைமேல் பெய்த மழையே.

ஆதலின் ஆற்றங்கரையில் தங்கச் செல்வோர் சிலவற்றை மனத்திற்கொள்ளல் நலம். மணல்திட்டிலும் நீரோரத்திலும் கூடாரம் அமைக்காதீர்கள். மேட்டுக்கு ஏறும் வழியைப் பகலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள். படகில் மிதவைச் சட்டை இன்றி ஒருவரையும் ஏற்றாதீர்கள். கோலா தகானுக்குச் செல்வதாயின் பெருமழைக் காலமான நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள மாதங்களைத் தவிருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அந்த மண்ணில் வாழ்பவர் ‘வேண்டாம்’ என்றால் வாதிடாதீர்கள்.

புறப்படும்போது மூதாட்டியிடம் என் முணுமுணுப்பைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்துவிட்டு, வழிக்கென்று வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதிகளை என் மகளின் கையில் வைத்தார்.