வெளியூர் ஆட்டத்தின் மூன்று புள்ளிகள்

2024 டிசம்பர் கடைசி வாரம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் மார்கன்டவுன் நகரத்துக் கூடைப்பந்து ரசிகர்களின் கண்ணெல்லாம் 31ஆம் தேதி மீது. அன்று அவர்களுடைய அணி 1,300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, லாரன்ஸ் என்ற ஊரில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தோடு மோதுகிறது. ஆட்டம் நடக்கப்போகும் இடம் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ்; 1955-ல் திறக்கப்பட்ட, பதினைந்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம். மேற்கு வர்ஜீனியா அணி அதற்குள் போய் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. எதிரணியோ அப்போது நாட்டின் தரவரிசையில் ஏழாம் இடத்தில். தோல்வி கிட்டத்தட்ட எழுதி வைத்தது போலத்தான். ஆனாலும் ரசிகர்களால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. ஏன்?

பதிலைத் தேடிப் போனால் வளிமண்டலம், காது, நடுவர், மூளை என்று பல இடங்களில் நின்று வர வேண்டியிருக்கும். முதலில் ஒரு வானிலைக்காரரைப் பார்ப்போம்.

கென் பொமராய் அமெரிக்க அரசின் வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். மழை வர 60 சதவீத வாய்ப்பு என்று சொல்லும் அதே பாணியில் கல்லூரிக் கூடைப்பந்து முடிவுகளையும் கணிக்கலாமே என்று இறங்கினார். இன்று பயிற்சியாளர்களே அவருடைய பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். அவர் ஆட்டத்தை நிமிடங்களால் அளப்பதில்லை, பந்துவாய்ப்புகளால் அளக்கிறார். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியிடம் போகும்வரை ஒரு பந்துவாய்ப்பு. 40 நிமிட ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஏறத்தாழ 70 கிடைக்கும். நூறு பந்துவாய்ப்புக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது, எத்தனை விட்டுக்கொடுக்கிறது என்று கணக்கிட்டால் அணியின் உண்மையான பலம் தெரிந்துவிடும்.

அப்படிக் கணக்கிடும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. சொந்த அரங்கில் ஆடும் அணிக்குச் சுமார் 3 புள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது. மாறும் ஆண்டுகள், மாறும் வீரர்கள், மாறும் ஊர்கள். இந்த எண் மட்டும் பெரிதாக நகர்வதில்லை. இரண்டு அணியுமாகச் சேர்ந்து 140 புள்ளி எடுக்கிற ஆட்டத்தில் 3 என்பது அற்பம், தூரத்திலிருந்து எறியும் ஒரே ஒரு பந்து. அந்த ஒரு பந்து எங்கிருந்து வருகிறது என்பதுதான் விளையாட்டு அறிவியலின் சுவையான புதிர்களில் ஒன்று.

சத்தம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் 2017 பிப்ரவரி 13 அன்று கூட்டத்தின் கத்தல் 130.4 டெசிபலைத் தொட்டு கின்னஸ் சாதனை ஆனது. டெசிபல் என்பது ஒலியின் வலுவை அளக்கும் அலகு. அது கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில் இருக்கும். அங்கிருந்து 130-க்குப் போக ஏழு முறை பத்தால் பெருக்க வேண்டும், அதாவது ஒரு கோடி மடங்கு. கேன்சஸின் இந்தச் சாதனைக்கு வெறும் 16 நாள் முன்னால்தான் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ரப் அரீனா 126.4 டெசிபலோடு அதே சாதனையைப் பிடித்திருந்தது. வித்தியாசம் 4 டெசிபல்தானே என்று தோன்றும். ஆற்றலில் அது இரண்டரை மடங்கு. வேடிக்கை என்னவென்றால், கென்டக்கிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திய அன்று விருந்தாளியாக வந்து ஜெயித்துவிட்டுப் போன அணி கேன்சஸ்.

சரி, கேன்சஸ் சாதனை படைத்த இரவில் விருந்தாளி யார்? மேற்கு வர்ஜீனியா. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது அவர்கள் 14 புள்ளி முன்னிலை. அதன் பிறகு என்னவெல்லாமோ நடந்து, கூடுதல் நேரத்துக்குப் போய், கேன்சஸ் 84–80 என்று வென்றது. மார்கன்டவுனில் இதை மறந்தவர் குறைவாகத்தான் இருப்பார்கள்.

சத்தம் விருந்தாளி வீரனின் கையை நடுங்க வைக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இதைச் சோதித்துப் பார்க்க, எதிரணியின் தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை விடச் சிறந்த இடம் கிடையாது. எதிரே தடுக்க ஆள் இல்லை. போர்டிலிருந்து 4.57 மீட்டர் தள்ளி ஒரு கோடு, தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு ரிங், வீரன், பந்து, அவ்வளவுதான். ரிங்கின் விட்டம் 45.7 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் சுமார் 24. மேலிருந்து பார்த்தால் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் பந்து சாய்வாக வருகிறது. அதன் பார்வையில் ரிங் வட்டமாக இல்லை, நசுங்கிய முட்டை வடிவம். 45 பாகையில் இறங்கினால் திறப்பின் உயரம் 32 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 30 பாகையில் வந்தால் 23-தான். பந்து ரிங்கைத் தொடாமல் நுழையவே வழியில்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பொறியியலாளர்கள் கணினியில் லட்சக்கணக்கான எறிதல்களை ஓடவிட்டுப் பார்த்து, 2008-ல் விடை சொன்னார்கள்: கையை விட்டுக் கிளம்பும் கோணம் 52 பாகை, வினாடிக்கு மூன்று முறை பின்னோக்கிச் சுழற்சி. பின்சுழற்சி எதற்கு? ரிங்கிலோ போர்டிலோ பட்டால், அது பந்தின் வேகத்தைக் கொன்று கூடைக்குள் விழ வைக்கும்.

இந்த நுட்பமான செயலைக் கெடுக்க அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 2013-ல் ஒரு திரைச்சீலையைக் கண்டுபிடித்தார்கள். எதிரணி வீரன் ஃப்ரீ த்ரோ எறியப் போகும்போது ரிங்குக்குப் பின்னால் சீலை விலகும். உள்ளே ஏதாவது கோமாளித்தனம் நடக்கும். 2016 ஜனவரியில் சீலை விலகியபோது நின்றவர் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், நீச்சல் ஜட்டியோடும் கழுத்து நிறையப் பதக்கங்களோடும். எறிந்தவர் இரண்டையும் தவறவிட்டார்.

கதை அருமை. ஆனால் பெரிய எண்கள் வேறு கதை சொல்கின்றன. டோபியஸ் மாஸ்கோவிட்ஸ், ஜான் வெர்தைம் என்ற இருவர் தொழில்முறைக் கூட்டமைப்பான என்பிஏ-வில் இருபது ஆண்டு ஆட்டங்களை அலசினார்கள். சொந்த ஊரில் ஃப்ரீ த்ரோ வெற்றி 75.9 சதவீதம். வெளியூரில்? 75.9 சதவீதம். புள்ளிக்குப் பின்னால்கூட மாற்றமில்லை. கூட்டம் கத்துவதை வீரனின் கை பொருட்படுத்துவதாகவே தெரியவில்லை.

பொருட்படுத்துபவர் இன்னொருவர் இருக்கிறார்: விசில் வைத்திருப்பவர். 2002-ல் இங்கிலாந்தில் ஆலன் நெவில் குழுவினர் 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரு லீக் ஆட்டத்தின் 47 மோதல் காட்சிகளைக் காட்டினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தார்கள், மீதிப் பேர் மௌனமாக. சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகச் சொன்ன ஃபவுல் சுமார் 15 சதவீதம் குறைவு. இவர்கள் யாரும் ஊழல்வாதிகள் அல்ல. ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த லாபமும் இல்லாமல் படம் பார்த்தவர்கள். அரை வினாடியில் முடிவு செய்ய வேண்டிய மூளை, கிடைக்கிற எல்லாத் துப்பையும் சேர்த்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே நேரத்தில் ஐயோ என்பதும் அதற்கு ஒரு துப்புதான். 2020-ல் தொற்றுக் காலத்தில் ஐரோப்பியக் கால்பந்து அரங்குகள் காலியானபோது, விருந்தாளி அணிகளுக்குக் கூடுதலாக விழும் மஞ்சள் அட்டைகளும் குறைந்துபோயின.

நடுவரை மீறிய காரணங்களும் உண்டு. வயோமிங் பல்கலைக்கழகம் இருக்கும் லாரமி நகரம் 7,220 அடி உயரத்தில், ஏறக்குறைய நம் ஊட்டி அளவுக்கு. அந்த எண்ணை ஆடுகளத் தரையிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்று. பயப்பட நியாயமும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இந்தக் குறையைச் சிறுநீரகம் மோப்பம் பிடிக்கிறது. அது எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை அனுப்பி, எலும்பு மஜ்ஜையைக் கூடுதல் சிவப்பணுக்கள் செய்யச் சொல்கிறது. உற்பத்தி பெருகி இரத்தம் தேற வாரக்கணக்கில் ஆகும். உள்ளூர் வீரர்கள் அதை முடித்துவிட்டார்கள். விருந்தாளிகள் முந்தின நாள் மாலைதான் விமானத்தில் இறங்கியிருப்பார்கள்.

அல்புகர்க்கியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் அரங்கத்துக்குப் பெயரே குழி. 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர், ஆனால் ஆடுகளமோ தரைமட்டத்துக்கு 37 அடி கீழே. 1966-ல் திறந்த இந்த அரங்கத்தைக் கட்டிய விதம்தான் அழகு: முதலில் கூரையைப் போட்டார்கள், பிறகு அதன் அடியில் பள்ளம் தோண்டினார்கள். விருந்தாளி அணி மலை ஏறி வந்து, பள்ளத்தில் இறங்கி, சுற்றிலும் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இப்போது இந்த 3 புள்ளி ரசிகனின் தலைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்தின் முடிவு, எதிர்பார்த்த வித்தியாசத்திலிருந்து சாதாரணமாகவே 11 புள்ளி அளவுக்கு இங்குமங்கும் விலகும். புள்ளியியலில் இதற்குத் திட்டவிலக்கம் என்று பெயர். கணிப்பு எவ்வளவு தூரம் பிசகும் என்பதன் அளவு. உங்கள் அணி எதிரணியைவிட 3 புள்ளி பலசாலி என்று வையுங்கள். சொந்த அரங்கில் ஆடினால் 6 புள்ளி சாதகம், வெற்றி வாய்ப்பு சுமார் 71 சதவீதம். பொதுவான ஊரில் 61. வெளியூரில் சரியாக 50. அதே வீரர்கள், அதே எதிரி. பேருந்தில் ஏறியதுமே ஆட்டம் பூவா தலையா ஆகிவிடுகிறது.

50 என்ற எண்ணுக்கு மூளையில் தனி மரியாதை. 2003-ல் கிறிஸ்டோபர் ஃபியோரில்லோ, ஃபிலிப் டோப்ளர், வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் மூவரும் குரங்குகளுக்குப் படங்களைக் காட்டினார்கள். ஒரு படம் வந்தால் பழச்சாறு நிச்சயம், இன்னொன்று வந்தால் நிச்சயமாக இல்லை, இடையில் 25, 50, 75 சதவீத வாய்ப்புள்ள படங்கள். டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார்கள். படம் தோன்றியதிலிருந்து விடை தெரியும்வரை அந்த அணுக்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றம் மிக அதிகமாக இருந்தது சாறு நிச்சயமான படத்துக்கு அல்ல, 50 சதவீதப் படத்துக்கு. இரு பக்கமும் அது குன்றுபோல் சரிந்தது. குரங்கு காத்திருந்தது இரண்டு வினாடி, ரசிகன் காத்திருப்பது ஒரு வாரம். இரண்டையும் அப்படியே ஒன்றாக்குவது அவசரம்தான். ஆனாலும் சொந்த ஊரில் ஒரு நோஞ்சான் அணியோடு நடக்கும் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் எவ்வளவு சப்பென்று போகும் என்பது எந்த ரசிகனுக்கும் தெரியும்.

இந்தக் குன்றில் இன்னொரு குறும்பும் ஒளிந்திருக்கிறது. என் அணிக்கு 25 சதவீதம் என்றால் உங்கள் அணிக்கு 75. குன்றின் எதிரெதிர்ச் சரிவுகளில் நாம் இருவரும் நிற்பது ஒரே உயரத்தில். பலவீனமான அணியின் ரசிகனுக்கும் பலசாலி அணியின் ரசிகனுக்கும் நிச்சயமின்மை சரிசமமாகவே பங்கிடப்படுகிறது.

போட்டியை நடத்தும் என்சிஏஏ அமைப்பும் வெளியூர் ஆட்டத்துக்குத் தனி விலை போட்டிருக்கிறது. மார்ச் மாதத்தின் 68 அணிப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழு, வெற்றிகளை நான்கு தட்டுகளில் பிரித்து வைக்கும். சொந்த அரங்கில் முதல் 30 இடத்துக்குள் இருக்கும் அணியை வீழ்த்தினால்தான் மேல்தட்டு. வெளியூரிலோ 75ஆம் இடத்து அணியை வென்றாலே அதே தட்டு. வெளியூர் அட்டவணையை ரசிகர்கள் ஜாதகம்போல் விரித்து வைத்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

டிசம்பர் 31 என்ன ஆயிற்று? 61–61 என்று சமநிலை. இரண்டு வினாடிக்கும் குறைவான நேரம் மிச்சம். மேற்கு வர்ஜீனியாவின் ஜவான் ஸ்மால் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றார். பந்து உள்ளே போனது, 62–61. ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் அவர்களுடைய முதல் வெற்றி.

அந்தச் சந்தோஷம் உடம்பிலும் பதிவாகும். 1990களில் ஜார்ஜியா, ஜார்ஜியா டெக் அணிகளுக்கு இடையிலான கூடைப்பந்து ஆட்டத்துக்கு வந்த ஆண் ரசிகர்களின் எச்சிலை, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வென்ற பக்கத்து ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, தோற்றவர்களுக்கு இறங்கியிருந்தது. பந்தை ஒருவரும் தொடவில்லை.

ஆனால் எவ்வளவு நாள் நீடிக்கும்? 2000-ல் டிமோதி வில்சனும் டேனியல் கில்பர்ட்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் வரப்போகும் அமெரிக்கக் கால்பந்தாட்ட முடிவு தங்கள் மனநிலையை எத்தனை நாள் பாதிக்கும் என்று கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதிகமாகவே சொன்னார்கள். உண்மையில் மனம் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிட்டது. சிலரிடம் மட்டும் ஒரு வேலை கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள்: வரப்போகும் ஒரு நாளில் வகுப்பு, சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் என்று எதற்கெல்லாம் எத்தனை மணி நேரம் செலவாகும் என்று எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த பிறகு அவர்களுடைய கணிப்பு உண்மைக்குக் கணிசமாகப் பக்கத்தில் வந்தது. ஆட்டத்துக்கு முந்தைய வாரத்தில் எந்த ரசிகனும் தானாக முன்வந்து அப்படி ஒரு பட்டியல் போடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.