சரளைச் சாலைக்கு ஏற்ற டிராக்டர் பிளேடு

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களிலே குடியேறித் தோட்டம் துரவு நடத்துவோரும், தோட்டங்களில் மேற்பார்வை பார்ப்போரும், டிராக்டர் ஓட்டிப் பிழைப்போரும் நம் நேயர்களிற் பலர். அவர்களுடைய பேச்சில் விளைச்சலுக்கு அடுத்தபடியாக வருவது சாலை. பெருஞ்சாலையைச் சொல்லவில்லை, அது அரசினர் பொறுப்பு. அதனின்று பிரிந்து, தோட்டத்து வாயிலைக் கடந்து, களத்துக்கும் வீட்டுக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் செல்லும் சொந்தச் சரளைச் சாலையைச் சொல்கிறோம். நம் ஊரில் கிராவல் என்கிறோம். மகாராஷ்டிரத்தில் முரூம் என்பார்கள். பெயர் எதுவானாலும் ஆண்டுக்கு இருமுறையேனும் அதனை மட்டப்படுத்தாவிடில் அது சாலையாக இராது.

சரளைச் சாலைக்கு முதற்பகை நீர். மேற்பரப்பிலே தேங்கும் நீர் சரளையை இளக்குகிறது. இளகிய இடத்தில் சக்கரம் ஏறக் குழி விழுகிறது. அந்தக் குழியில் மேலும் நீர் தேங்குகிறது. மலைநாட்டில் சூன் மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரையில் பெய்யும் மழைக்கு இது ஒன்றே போதும். இரண்டாவது பகை விரைவு. வண்டிகள் விரைந்தோடுமிடத்திலே தகரக் கூரையைப் போலக் குறுக்கலைகள் எழும்புவதை யாவரும் கண்டிருப்போம். அதன் காரணத்தைக் கீத் மேதர் என்னும் அறிஞர் 1963இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 2007இல் சில இயற்பியலாளர் சுழலும் மணற்பரப்பின் மேல் சக்கரத்தை உருட்டிப் பார்த்து, குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே அலை எழுவதில்லை என்று காட்டினர். ஆகவே 'மெதுவாகச் செல்க' என்னும் பலகையும் சாலைப் பராமரிப்பைச் சேர்ந்ததுதான்.

இனி நம்முடைய பிழையைச் சொல்லிவிடுகிறோம். சக்லேஷ்பூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் நான்கு கிலோமீட்டர்ச் சாலை நம் பொறுப்பில் இருந்தது. விலை குறைவென்று எண்ணி, பட்டறை ஒன்றிலே மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த ஐந்தடிப் பிளேடு ஒன்றை வாங்கினோம். அது இறுகிய சரளையின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்றே தவிர வெட்டவில்லை. எடை போதாது என்று கண்டு, வயலிலே பரம்பு அடிக்கும்போது ஆள் ஏறி நிற்பதில்லையா என்ற எண்ணத்தில், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பியை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னோம். மூன்றாம் நாள் புதைந்து கிடந்த பாறை ஒன்றிலே பிளேடு மோதியது. கோணம் திருப்பும் பின் முறிந்து, பலகை முழுவதும் சுழன்றது. கீழே விழுந்த தம்பியின் பாதம் நசுங்கிற்று. அந்தக் குழிகளின் வழியாகவே அவனை ஜீப்பில் ஏற்றிப் பெருஞ்சாலை சேர்ப்பதற்கு முக்கால் மணி நேரமாயிற்று. இரண்டு மாதம் அவன் நடக்கவில்லை. குற்றம் பட்டறையின்மீது மட்டுமன்று. ஏறி நில் என்று சொன்ன நம்மீதும்தான்.

மும்முனை இணைப்பின் இயல்பை அறிந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திராது. டிராக்டரின் பின்புறத்து ஹைட்ராலிக் கைகள் கருவியைத் தூக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் அவை கருவியைக் கீழ்நோக்கி அழுத்தமாட்டா. நிலத்தைக் கடிப்பது கருவியின் சொந்த எடையே. ஆதலின் 45 குதிரைத்திறனுள்ள டிராக்டருக்கு ஏழடிப் பிளேடு வாங்குவோர், அது 250 கிலோவுக்குக் குறையாதிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டுமென்பது நம் கருத்து. எடை போதாவிடில் அதற்கென அமைந்த பெட்டியில் கல்லையோ இரும்பையோ வைத்துப் போல்ட்டினால் இறுக்கலாம். மனிதனை ஏற்றுவது ஒருபோதும் ஆகாது.

கடையிலே காணக்கூடிய கருவிகள் பல. டெர்ரேசர் பிளேடு என்று விற்கப்படுவது ஒற்றைப் பலகை. அதனை வலமும் இடமும் கோணமாகத் திருப்பலாம். நல்லதாயின் ஒருபுறம் தாழ்த்திச் சாய்க்கவும் ஆகும். சாலைக்கு முதுகு அமைப்பதும் ஓரத்து ஓடையைச் சீர்செய்வதும் இதனால் இயலும். இதன் குறை, டிராக்டரின் சக்கரம் குழியில் இறங்கும்போது பலகையும் உடன் இறங்கி, சக்கரம் ஏறும்போது உடன் ஏறுவது. கைப்பழக்கம் இல்லாதவர் ஓட்டினால் பழைய அலைக்குப் பதில் புதிய அலை கிடைக்கும்.

இருபுறமும் அடைத்த பெட்டி பிளேடு மற்றொன்று. இதன் முன்னே கிளறும் பற்கள் இருக்கும். இறுகிய சரளையைப் பற்கள் பெயர்க்க, பெட்டி அதனை வாரிக்கொண்டு போய்க் குழியில் நிரப்பும். சரிவின் அடியிலே மழை சேர்த்துவைத்த சரளையை மேலே இழுத்துக்கொண்டு வருவதற்கு இதற்கு நிகரில்லை.

நீண்ட இரு சறுக்குச் சட்டங்களுக்கு இடையே இரண்டு அலகுகள் பொருத்திய சட்ட வகை மூன்றாவது. சட்டம் நீளமாதலால் சிறு குழிகளின் மேல் பாலம் போல் நின்று, மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பும். புதியவர் ஓட்டினாலும் பெரும்பிழை நேராது. இங்கே எல்லாக் கடைகளிலும் இது காணப்படுவதில்லை. நல்ல பட்டறையில் சொல்லிச் செய்வித்துக் கொள்ளலாம். அமெரிக்க நாட்டு மிசௌரியில் வார்டு கிங் என்னும் உழவர் 1896இல் பிளந்த மரக்கட்டைகள் இரண்டை இணைத்துக் குதிரையால் இழுத்துத் தம் மண்சாலையைச் சீராக்கினார். இந்தச் சட்டத்தைக் காணுந்தோறும் அவருடைய கட்டைகள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன.

பஞ்சாபிலும் அரியானாவிலும் வாழும் அன்பர்களுக்குக் கராஹா என்னும் மண் வாரும் கருவி பழக்கமாயிருக்கும். அதுவும் லேசர் லெவலரும் வயலுக்கு உரியன. வயலுக்கு வேண்டுவது சமதளம். சாலைக்கு வேண்டுவது முதுகு.

எதனை வாங்குவது? மழை மிகுந்த மலைச்சரிவில் ஒரே கருவிதான் வாங்க முடியுமென்றால், கனமான டெர்ரேசர் பிளேடு வாங்குக என்போம். சமவெளியில் நீண்ட நேர்ச்சாலை உடையவருக்குச் சட்ட வகையே உகந்தது.

உறுதியைச் சோதிக்கும் முறை பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். முதலில் அலகைப் பாருங்கள். பலகையோடு பற்றவைத்த அலகு தேய்ந்தால் கருவி முழுவதும் பட்டறைக்குப் போக வேண்டும். போல்ட்டினால் பிணைத்த அலகைக் கழற்றி மாற்றலாம். இருபுறமும் கூருள்ளதாயின் ஒருபுறம் தேய்ந்தபின் திருப்பிப் பூட்டலாம். 12 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமும், சாதாரண இரும்பாயிராது உயர்கரி எஃகு அல்லது போரான் எஃகாக இருத்தலும் நன்று. அடுத்து, கோணம் திருப்பும் நடுமுளை. பெரும்பாலும் முறிவது இவ்விடமே. முளையும் அதன் துளைகளும் தளர்வின்றி இருக்கின்றனவா என்று பலகையின் ஒரு முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகஞ்சுளித்தாலும் ஆட்டிப் பாருங்கள். பலகையின் முதுகிலே நெடுக விலாச்சட்டம் இருக்கவேண்டும். வண்ணம் புதிதாய்ப் பளபளக்கும் இடத்தில் பற்றவைப்பு முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா, அல்லது இடையிடையே புள்ளியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவியே அறியலாம்.

இணைப்புப் பின்களிலும் கவனம் தேவை. முதல் வகை இணைப்பில் கீழ்க்கைப் பின் 22 மில்லிமீட்டர், மேலே டாப் லிங்க் பின் 19 மில்லிமீட்டர். இரண்டாம் வகையில் அவை முறையே சுமார் 28, 25 மில்லிமீட்டர். பெரிய துளையில் சிறிய பின்னைச் செருகிப் புஷ் இல்லாமல் ஓட்டினால், ஒவ்வொரு கல்லிலும் கருவி குதிக்கும். நாளடைவில் துளை முட்டை வடிவாகும்.

அகலத்தைக் கணக்கிடுவதில் பலர் ஏமாறுகிறார்கள். கோணமாகத் திருப்பிய பலகை தன் முழு அகலத்தையும் சீவுவதில்லை. 30 பாகை திருப்பினால் ஆறடிப் பலகை ஐந்தடி இரண்டங்குலத்தையே மூடும். ஏழடிப் பலகை ஆறடியை மூடும். பின்சக்கரங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, திருப்பிய நிலையிலும் சக்கரத் தடத்தை மூடக்கூடிய பலகையையே தேர்க. அதற்காக அளவு கடந்த எடையை மாட்டிவிடவும் கூடாது. ஏற்றத்திலே முன்சக்கரம் தரையை விட்டெழும்பினால் ஸ்டியரிங் பயன்படாது. முன்புறத்தில் எடைகள் பூட்டிக்கொள்வது அவசியம்.

பயன்படுத்தும்போது டிராஃப்ட் கண்ட்ரோலை விலக்கிப் பொசிஷன் கண்ட்ரோலிலே ஓட்டுக. டிராஃப்ட் கண்ட்ரோல் உழவுக்காக ஏற்பட்டது. இழுவை மிகும்போது கருவியைத் தானே தூக்கிவிடும், சாலை அலையாகும். நடைவேகம் போதும். புழுதி பறக்கும் காய்ச்சலிலும் சேற்றிலும் இறங்க வேண்டா. சரளை ஈரமாயிருக்கும் பதமே பதம். மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் மார்ச், ஏப்ரலில் விழும் பூமழைக்குப் பின் ஒரு முறையும், அக்டோபரில் பெருமழை ஓய்ந்தபின் ஒரு முறையும் அந்தப் பதம் வாய்க்கும்.

குழியை நிரப்பினால் மட்டும் நில்லாது. அடுத்த மழையிலேயே அது அதே இடத்தில் திறந்துகொள்ளும். குழியின் அடிமட்டம் வரையில் சாலையைச் சீவி, பெயர்ந்த சரளையைக் கலந்து பரப்பி, இறுகச் செய்யவேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சரளை நகருமாறு பலகையைத் திருப்பி, வெளிமுனையைச் சற்றே தாழ்த்தி, ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வருக. மூன்று மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் போதும். அது நூற்றுக்கு நான்கு சரிவு. மலை வளைவுகளில் மட்டும் முதுகு வேண்டா. மலைப்பக்கத்து ஓடையை நோக்கி ஒரே சரிவாகச் சாய்த்துவிடலாம். ஓரத்தில் சரளைக் கரை எஞ்சி நிற்கவும் விடாதீர்கள். அந்தக் கரை நீரை ஓடைக்குப் போகவிடாமல் சாலையிலேயே ஓடச் செய்யும். பள்ளத்தாக்குப் பக்கத்து விளிம்புக்கு ஒரு மீட்டருக்குள் டிராக்டரைக் கொண்டுபோக வேண்டா. மழையில் ஊறிய விளிம்பு சொல்லாமல் இடியும்.

வேலை முடிந்தபின் வரும் முதல் மழையன்று குடையை எடுத்துக்கொண்டு சாலை முழுவதும் ஒருமுறை நடந்து பாருங்கள். நீர் தேங்கும் இடங்களிலும், மோரி அடைபட்டுப் பொங்கும் இடங்களிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மறுநாள் பிளேடு இறங்க வேண்டிய இடங்கள் அவையே.